‘ஆங்கர்’ யாருடைய சொல்? கோபத்துக்கு ஆங்கிலம் வைத்த பெயர்களும் கொழும்புத் தமிழரும்

ஒவ்வொரு யூலை மாதமும் ஆங்கிலச் செய்திகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். 1983 யூலை 23ஆம் திகதி யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள், அதனால் எழுந்த கோபம் கொழும்பில் வன்முறையாக வெடித்தது என்பதே அது. சொற்கள் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் வாக்கியத்தின் நடுவே ‘ஆங்கர்’ என்ற சொல்லோ அதன் உறவுச் சொல் ஒன்றோ கட்டாயம் இருக்கும்.

நாங்கள் வாசித்துவிட்டுக் கடந்து போகிறோம். ஆனால் அந்த வாக்கியத்தில் கோபம் யாருக்கு இருக்கிறது என்று ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். வீடு எரிந்தவருக்கு அல்ல, எரித்தவருக்கு. இழந்தவர் பக்கத்தில் அழுகையும் அச்சமும் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு சிறிய ஆங்கிலச் சொல் 40 ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் கதையில் செய்துவரும் வேலை இது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது, அதற்குப் பக்கத்தில் நிற்கும் சொற்கள் எவை, எங்கள் மொழியில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று பார்ப்பது வெறும் மொழிப்பாடம் அல்ல. ஆணைக்குழு, நீதிமன்றம், அகதி விண்ணப்பம், ஐக்கிய நாடுகள் சபை என்று எங்கு போனாலும் எங்கள் கதை கடைசியில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது.

துயரமாகப் பிறந்த சொல்

கொழும்பு வீடுகளில் ‘அங்கர்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது பால்மா. ஆங்கில எழுத்தில் கப்பலின் நங்கூரத்தைக் குறிக்கும் சொல்லே அந்தப் பால்மாவின் பெயர். கோபத்தைக் குறிக்கும் ‘ஆங்கர்’ வேறு சொல், வேறு வேர்.

இந்த ‘ஆங்கர்’ ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை அல்ல. வட ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கந்திநாவியரின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் ‘ஆங்ர்’ என்றால் கோபம் அல்ல. துயரம், துன்பம், மனவருத்தம். ஆங்கிலத்துக்குள் வந்த ஆரம்ப காலத்திலும் அது துன்பத்தையே குறித்தது. பிறகுதான் மெல்ல மெல்லத் துன்பம் தந்தவர்மீது எழும் உணர்ச்சியைக் குறிக்கத் தொடங்கியது. பழைய பொருள் வழக்கொழிந்து போனது.

அதன் வேர் இன்னும் பழையது. ‘இறுக்கம், நெருக்கம், ஒடுக்கம்’ என்ற பொருளுடைய ஒரு வேரிலிருந்து அது கிளைத்தது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். லத்தீனில் அதே வேர் தொண்டையை நெரிப்பதைக் குறிக்கும் வினையாயிற்று. ஆங்கிலத்தில் பெருவேதனையைக் குறிக்கும் ‘ஆங்குவிஷ்’, பதற்றத்தைக் குறிக்கும் ‘ஆங்சைட்டி’, நெஞ்சை இறுக்கும் இருதய வலியை மருத்துவர்கள் அழைக்கும் ‘அஞ்சைனா’ எல்லாம் இந்தக் குடும்பத்துச் சொற்கள்தான். இன்றுங்கூட ஆங்கிலத்தில் சிவந்து வீங்கி நோகும் புண்ணை ‘ஆங்கிரி’யான புண் என்பார்கள். புண்ணுக்குக் கோபமா என்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வழக்கில் சொல்லின் பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிபட்ட இடந்தான் கொதிக்கும்.

ஆக, பிறப்பால் ‘ஆங்கர்’ காயப்பட்டவரின் சொல். நெஞ்சு இறுகி, தொண்டை அடைத்து நிற்பவரின் சொல். அது எப்படிக் காயப்படுத்தியவரின் சொல்லானது என்பதற்கு முன், அதன் அக்கம்பக்கத்துச் சொற்களையும் கொஞ்சம் அறிந்துகொள்ளவேண்டும்.

ஒரே கோபம், பல பெயர்கள்

ஆங்கிலத்தில் ‘ஆங்கர்’ பொதுச்சொல். அளவையும் காரணத்தையும் சொல்ல வேறு சொற்கள் உண்டு. பத்திரிகையாளர் எதைத் தெரிவு செய்கிறார் என்பதில் பாதித் தீர்ப்பு அடங்கிவிடுகிறது.

‘ரேஜ்’ கட்டுப்பாடு அற்ற கோபம். விசர்நாய்க்கடி நோயைக் குறிக்கும் லத்தீன் சொல்லான ‘றேபிஸ்’ தான் அதன் தாய். ‘ஃபியூரி’யும் லத்தீனில் வெறியைக் குறித்த சொல். இந்த இரண்டும் கோபப்படுபவரின் அறிவு அவரை விட்டுப் போய்விட்டது என்று சொல்கின்றன. அறிவு போனவரிடம் பொறுப்புக் கேட்க முடியாது. கும்பல் வன்முறையைப் பற்றி எழுதும்போது இந்தச் சொற்கள் வந்தால், திட்டம் போட்டவர், பட்டியல் கொடுத்தவர், வாகனம் அனுப்பியவர் எல்லோரும் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுவார்கள்.

‘மேட்’ என்பது பைத்தியத்தையும் கோபத்தையும் ஒன்றாகக் குறிக்கும் பேச்சுச்சொல். இதற்கு அச்சொட்டான சொல் எங்களிடம் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

‘அவுட்ரேஜ்’ என்ற சொல்லில் ‘ரேஜ்’ ஒட்டியிருப்பதுபோல் தெரியும். உண்மையில் அதற்கும் இதற்கும் உறவில்லை. ‘எல்லை கடந்த செயல்’ என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. அதனால்தான் ஆங்கிலத்தில் கொடுமையும் ‘அவுட்ரேஜ்’, அந்தக் கொடுமையைக் கண்டு எழும் சினமும் ‘அவுட்ரேஜ்’. முதலில் யாரோ எல்லை கடந்தார்கள், அதனால்தான் இந்தச் சினம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

‘இன்டிக்னேஷன்’ என்பதன் நடுவில் இருப்பது லத்தீனில் ‘தகுதி’யைக் குறிக்கும் சொல். மதிப்புக்குத் தகாத ஒன்று நடந்துவிட்டது என்பதால் எழும் கோபம் அது. எங்கள் ‘ரோசம்’ இதற்கு மிக நெருங்கியது. ‘றிசென்ட்மென்ட்’ திரும்பத் திரும்ப உணரப்படும் கோபம். ஆறாத மனக்காயம்.

கடைசியாக ‘கிரீவன்ஸ்’. லத்தீனில் பாரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ‘குறை’, ‘மனக்குறை’ என்கிறோம். இலங்கை அரசியலில் தமிழருக்கென்றே ஒதுக்கிவைத்த ஆங்கிலச் சொல் இதுதான். பல தசாப்தங்களாகத் தமிழருக்கு இருப்பது ‘கிரீவன்ஸ்’. அலுவலகப் பெட்டியில் போடும் முறைப்பாடு போல. மற்றவர்களுக்குக் கோபம் வரும், எங்களுக்குக் குறை இருக்கும். இந்தப் பங்கீட்டை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பத்திரிகைகளைப் புரட்டினால் தெரியும்.

விசர், கோவம், கறுவம்

இனி எங்கள் பக்கம். ஆங்கிலத்துக்கு எட்டுச் சொல் என்றால் எங்களுக்கு அதற்கு மேலே இருக்கும். ஒவ்வொன்றும் வேறு இடத்தில் வாழ்கிறது.

‘கோவம்’ என்பதற்கு எங்கள் பேச்சில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருள் உண்டு. ‘அவையும் நாங்களும் கோவம்’ என்றால், இப்போது யாரும் கத்திக்கொண்டிருக்கவில்லை. கதைபேச்சு இல்லை, நன்மை தீமைக்குப் போக்குவரத்து இல்லை என்று பொருள். இது ஒரு உணர்ச்சி அல்ல, ஒரு நிலைமை. வருடக்கணக்காக நீடிக்கும். சிங்களத்திலும் ‘தரஹ’ என்ற சொல் இதே இரண்டு வேலையையும் செய்கிறது. கோபத்தையும் குறிக்கும், கதையாமல் இருப்பதையும் குறிக்கும். சட்டென்று ஏறும் சினத்துக்கு அவர்கள் ‘கேந்தி’ என்பார்கள். வெள்ளவத்தைச் சந்தையில் இரண்டு மொழியும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஒற்றுமை தெரியும். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது இரண்டும் ‘ஆங்கிரி’ என்று தட்டையாகிவிடும்.

‘விசர்’ எங்கள் ‘மேட்’. ‘எனக்கு விசர் வருது’ என்று ஒருவர் சொன்னால் யாரும் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போவதில்லை. தாங்கமுடியாத கோபம், எரிச்சல், இயலாமை எல்லாம் சேர்ந்த ஒரு நிலை அது. ‘சன்னதம் ஆடுறார்’ என்றால் தெய்வம் ஏறியவர்போல் கோபத்தில் குதிக்கிறார் என்று பொருள். ‘ஆத்திரம்’ என்பதில் அவசரம் கலந்திருக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பழமொழி சொல்வது அதனால்தான். ‘கறுவம்’ வெளியே தெரியாமல் உள்ளே கிடந்து முதிர்வது. ‘கறுவிக்கொண்டு திரியிறான்’ என்றால் கவனமாக இருக்கவேண்டும்.

இந்தக் ‘கறுவம்’ மிகப் பழைய சொல்லின் வழி வந்தது. கறுப்பு, சிவப்பு என்ற இரு சொற்களும் நிறத்தை மட்டுமல்ல, வெகுளியையும் குறிக்கும் என்று தொல்காப்பியத்தின் உரியியல் சொல்கிறது. 1983ஐ நாங்கள் ‘கறுப்பு யூலை’ என்கிறோம். துக்கத்தின் நிறமாகத்தான் அந்தப் பெயரை வைத்தோம். பழந்தமிழில் அதே சொல்லுக்குள் கோபமும் இருந்திருக்கிறது.

தொல்காப்பியத்தில் இதைவிட முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. மெய்ப்பாட்டியலில் மனிதருக்கு உரிய எட்டு மெய்ப்பாடுகள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று வெகுளி. வெகுளி எப்படி இருக்கும், முகம் எப்படிச் சிவக்கும் என்று அது விளக்கவில்லை. எதனால் வரும் என்று நான்கு காரணங்களைச் சொல்கிறது. உடலின் உறுப்பை அறுப்பது, குடிக்குக் கேடு சூழ்வது, அடித்து அலைத்து வருத்துவது, கொலை செய்வது. ‘குடி’ என்பதைக் குடும்பமும் சுற்றமும் என்று உரைகாரர் விரித்துச் சொல்வார்கள்.

அந்த நான்கையும் ஒருமுறை திரும்ப வாசியுங்கள். வன்னியில் கால் இழந்தவர், குடும்பத்தோடு இடம்பெயர்ந்து அலைந்தவர், தடுப்பில் அடிவாங்கியவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர். எங்கள் மூத்த இலக்கணத்தின்படி கோபம் என்பது ஒரு குணக்கேடு அல்ல. நடந்த தீங்கின் அடையாளம். தீங்கு எது என்று கேட்காமல் கோபத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆங்கிலச் சொல்லின் நோர்ஸ் வேரும் இதையேதான் சொன்னது.

1983: சொல் கைமாறிய நாட்கள்

கலவரத்தைக் குறிக்கும் ‘றயட்’ என்ற ஆங்கிலச் சொல் கொழும்புக்குப் புதிதல்ல. 1883 மார்ச் 25ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராமய விகாரைக்குச் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் மூண்டது. ஆங்கில ஆட்சியின் ஏடுகளில் அது ‘கொட்டாஞ்சேனை றயட்’ ஆகப் பதிவானது. அங்கே இரண்டு கூட்டம் மோதியது, எனவே அந்தச் சொல் ஓரளவு பொருந்தியது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து அதே சொல்லை 1983 யூலைக்கும் ஒட்டினார்கள். ஆனால் 1983இல் கொழும்பில் மோதிக்கொண்ட இரண்டு கூட்டங்கள் இருக்கவில்லை. தாக்கிய கூட்டமும் ஓடிய மக்களுமே இருந்தார்கள். தமிழிலும் ‘83 கலவரம்’ என்று நாங்களே சொல்லிப் பழகிவிட்டோம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். யூலை 23 இரவு திருநெல்வேலியில் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழிவாங்கலாக யாழ்ப்பாணத்தில் இராணுவத்தினர் பொதுமக்கள் பலரைச் சுட்டுக்கொன்றனர். யூலை 24 மாலை, இறந்த இராணுவத்தினரின் உடல்களைப் பொரளை கனத்தை மயானத்தில் ஒன்றாக அடக்கம் செய்ய ஏற்பாடானது. கூட்டம் திரண்டது. அன்றிரவே பொரளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியத் தொடங்கின. மறுநாள் நகரம் முழுவதும் பரவியது. வெள்ளவத்தையில் காலி வீதியிலும் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளிலும் வீடு வீடாகத் தாக்கினார்கள். கொட்டாஞ்சேனையும் புறக்கோட்டையும் தப்பவில்லை. யூலை 25ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் தமிழ்க் கைதிகள் 35 பேரும், 27ஆம் திகதி 18 பேரும் கொல்லப்பட்டனர். மொத்தம் 53. நாடு முழுவதும் இறந்தவர்களின் தொகையை அரசாங்கம் சில நூறுகளோடு நிறுத்திக்கொண்டது. தமிழர் தரப்புக் கணக்குகள் 3000 வரை போகின்றன. பள்ளிக்கூடங்களிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாகக் குவிந்த மக்கள் கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டார்கள்.

வன்முறை தொடங்கி நான்காம் நாள், யூலை 28 அன்று, ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். வீடிழந்தவருக்கும் உயிரிழந்தவருக்கும் அனுதாபமாக ஒரு சொல் அதில் இல்லை. பிரிவினைக் கோரிக்கைக்கு எதிராகச் சிங்கள மக்கள் காட்டிய எதிர்வினையாகவே அவர் நடந்ததை விளக்கினார். பிரிவினையைத் தடைசெய்யும் சட்டம் வரும் என்றும் அறிவித்தார். ஓகஸ்ட் மாதத்தில் அரசியலமைப்பின் ஆறாம் திருத்தமாக அது நிறைவேறியது. நாட்டின் உச்சப் பதவியிலிருந்து, கோபத்தின் உரிமையாளர் யார் என்ற கேள்விக்கு அன்று பதில் சொல்லப்பட்டது. கோபம் அவர்களுடையது. நாங்கள் அதன் காரணம்.

இந்த விளக்கம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு அரசாங்கமே சாட்சி. இரண்டு நாள் கழித்து, யூலை 30ஆம் திகதி, மக்கள் விடுதலை முன்னணி, நவ சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி என்ற மூன்று இடதுசாரிக் கட்சிகளை அது தடைசெய்தது. வன்முறைக்குப் பின்னால் சதி இருந்ததாகச் சொல்லியது. மக்களின் கோபம் தானாகப் பொங்கியதென்றால் சதி எங்கிருந்து வந்தது? சதியென்றால் அது எப்படி மக்களின் கோபமாகும்? ஒரே வாரத்தில் இரண்டும் சொல்லப்பட்டன. கட்சிகள் மீதான அந்தக் குற்றச்சாட்டு பிறகு நிரூபிக்கப்படவேயில்லை.

கோபத்துக்கு முகவரி தெரியாது. ஆனால் அந்த யூலையில் வந்தவர்களின் கையில் முகவரி இருந்தது. வாக்காளர் இடாப்பைப் பார்த்துத் தமிழர் வீடுகளை அடையாளம் கண்டார்கள் என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட உண்மை. சிங்களவருக்குச் சொந்தமான கட்டடத்தில் தமிழர் வாடகைக்கு இருந்தால், கட்டடத்தை விட்டுப் பொருட்களை மட்டும் தெருவில் போட்டுக் கொளுத்திய இடங்களும் உண்டு. சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவுக்காக போல் சீகார்ட் 1984இல் எழுதிய அறிக்கை, இது இன வெறுப்பின் திடீர்ப் பொங்கல் அல்ல, 13 பேரின் மரணத்துக்கு மக்கள் காட்டிய பதிலும் அல்ல, முன்கூட்டியே திட்டமிடப்பட்ட செயல்களின் தொடர் என்ற முடிவுக்கு வந்தது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அதே 13 பேரின் மரணச் செய்தியைக் கேட்ட சிங்களக் குடும்பங்கள் பல, அதே நாட்களில் தமிழ் அயலவரைத் தங்கள் அறைகளுக்குள் ஒளித்துவைத்தன. கும்பல் வாசலில் வந்து கேட்டபோது இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பின. அவர்களுக்கும் வருத்தம் இருந்திருக்கும். அந்த வருத்தம் நெருப்புப்பெட்டியைக் கையில் எடுக்கவில்லை. கோபத்துக்கும் கொலைக்கும் நடுவில் ஒரு முடிவு இருக்கிறது. அதை எடுப்பவர் மனிதர். ‘கோபம் வெடித்தது’ என்ற வாக்கியம் அந்த மனிதரை மறைக்கிறது.

திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் இதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது. தன் கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குபவரே உண்மையில் அடக்குபவர். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன என்பது அதன் கருத்து. பொலிஸும் இராணுவமும் யார் பக்கம் நின்றதோ, அடக்கவேண்டிய கடமையும் அந்தப் பக்கத்துக்கே இருந்தது. ஆனால் 1983க்குப் பிறகு பொறுமை பற்றிய புத்திமதி எல்லாம் எங்களுக்கே சொல்லப்பட்டது.

பெயர் மறுக்கப்பட்ட கோபம்

2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று கொழும்பில் தமிழர் தங்கியிருந்த லொட்ஜ்களுக்குள் பொலிஸார் நுழைந்தார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கும், கடவுச்சீட்டுக்கும், வைத்தியத்துக்கும், வேலைக்கும் என்று வடக்கு கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். நகரத்தில் தங்குவதற்குத் தக்க காரணம் இல்லை என்று சொல்லி, 85 பெண்கள் உட்பட 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தது. மறுநாளே நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தி உத்தரவிட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

இந்தச் சம்பவத்தில் கோபம் இல்லையா? இருந்தது. ஆனால் அது ஒரு மனுவாக, திகதியோடும் எண்ணிக்கையோடும் சட்டப் பிரிவோடும் எழுதப்பட்டதால் ஒரே நாளில் ஒரு உத்தரவாக மாறியது. எழுதப்படாத கோபங்கள் பல இன்னும் வீதியில் நிற்கின்றன.

2008இலும் 2009இலும் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கடற்படையினர் மீது வழக்கு நடந்தது. 2021இல் முன்னாள் கடற்படைத் தளபதிக்கு எதிரான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். வடக்கில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உறவுகள் தொடங்கிய போராட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. பிள்ளையைக் காணாமலே கண்மூடிய பெற்றோர் பலர்.

இந்தத் தாய்மாரைப் பற்றி எழுதும் ஆங்கிலச் செய்திகளில் கண்ணீர் வரும், துயரம் வரும், ஏக்கம் வரும். கோபம் அபூர்வமாகத்தான் வரும். அழும் தாய் அனுதாபத்துக்குரியவர், கோபப்படும் தாய் சங்கடமானவர் என்று நினைப்பதுபோல. தாய்மாரோ இரண்டையும் பிரிப்பதில்லை. ஒரே மூச்சில் அழுதுகொண்டே ஏசுவார்கள், மண் அள்ளித் தூற்றுவார்கள். ‘ஆங்கர்’ என்ற சொல் துயரமாகப் பிறந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

2022இல் காலிமுகத்திடலில் மக்கள் திரண்டபோது, உலகம் அந்தக் கோபத்தைக் கோபமென்றே அழைத்தது, மதித்தது. நியாயம்தான். எரிவாயுவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்களுக்குக் கோபப்பட உரிமை உண்டு. அந்த வருடம் மே 18ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டது, கஞ்சி பரிமாறப்பட்டது. அது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் அந்தக் கஞ்சியைத் துயரத்தின் சின்னமாக ஏற்றுக்கொண்டவர்கள் பலர், அதற்குள் இருக்கும் கேள்வியை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கவில்லை.

‘கோபம் வெடித்தது’ என்ற வாக்கியம் தமிழருக்கு மட்டும் எழுதப்படுவதும் அல்ல. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் தமிழர் பலர். மூன்று வாரம் கழித்து மே மாதத்தில் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போதும் அதைக் குண்டுவெடிப்பின் மீதான கோபம் என்று விளக்கியவர்கள் இருந்தார்கள். உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எடுத்த வழி வேறு. அவர்களும் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1983இல் எங்களுக்குச் சொல்லப்பட்ட பொய்யை, இன்னொரு சமூகத்துக்குச் சொல்லும்போது நாங்கள் அடையாளம் காணவேண்டும்.

வாக்குமூலம் கொடுக்கும்போது

இதெல்லாம் நடைமுறையில் எங்கே உதவும்? ஆணைக்குழுவிலும், காணாமல் போனோர் அலுவலகத்திலும், வெளிநாட்டில் அகதி நேர்காணலிலும், மனநல மருத்துவரிடமும் எங்கள் சொல் மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே போகிறது. சில விடயங்களைக் கவனத்தில் வைத்திருப்பது நல்லது.

ஒரு தாய், ‘பிள்ளையைக் கொண்டுபோனவங்களை நினைச்சால் எனக்கு விசர் வருது’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். தென்னிந்தியத் தமிழ் மட்டும் தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்கு ‘விசர்’ புதிய சொல்லாக இருக்கலாம். அகராதியைப் பார்த்து அவர் ‘பைத்தியம்’ என்று எழுதினால், ஒரு நியாயமான கோபம் ஒரு நோயாகப் பதிவாகிவிடும். ‘கோபம் வருகிறது’ என்று பொதுத்தமிழில் இன்னொருமுறை சொல்லிவிடுங்கள். ‘அவர்களோடு கோவம்’ என்பதையும் ‘பேச்சுவார்த்தை இல்லை’ என்று விளக்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் யாருக்கோ பகையாளி என்று பதிவாகலாம்.

கோபத்தைச் சொன்னால் காரணத்தையும் அதே மூச்சில் சொல்லுங்கள். என்ன நடந்தது, எந்தத் திகதி, எந்த இடம், யார் செய்தார். தொல்காப்பியம் காட்டிய வழி அது. காரணம் இல்லாமல் எழுதப்படும் கோபம் வாசிப்பவருக்கு மனிதரின் குணமாகத் தெரியும். காரணத்தோடு எழுதப்பட்டால் சாட்சியமாகத் தெரியும்.

எழுதி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ‘றயட்’ என்று எழுதியிருந்தால், அங்கே இரண்டு தரப்பு மோதவில்லை, தாக்கப்பட்டோம் என்று திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடமுன் திருத்தும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. போரையும் இழப்பையும் கடந்தவர்களுக்குச் சிறிய விடயத்துக்கெல்லாம் வெடிக்கும் எரிச்சலும் கோபமும் நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுவின் அறிகுறிகளாக வரலாம் என்று மருத்துவம் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, சமூகம் முழுவதையும் பாதிக்கிறது என்று விரிவாக எழுதியிருக்கிறார். வீட்டில் பிள்ளைகள்மீதும் துணைமீதும் இறங்கும் கோபம் பல வேளைகளில் இடம் மாறிவந்த கோபம். போகவேண்டிய இடத்துக்குப் போக வழியில்லாதது, பக்கத்தில் இருப்பவர்மேல் விழுகிறது. அதற்கு உதவி தேடுவது வெட்கம் அல்ல. உதவி தேடுவதால் மூலக் காரணம் மறைந்துவிடுவதும் இல்லை. மருத்துவர் தருவது ஆறுதல், நீதிமன்றம் தரவேண்டியது பதில். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

2004 யூலையில், 1983 நடந்து 21 வருடங்களுக்குப் பிறகு, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அந்த வன்முறைக்காகத் தமிழ் மக்களிடம் அரசின் சார்பில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அது ஒரு முக்கியமான சொல். ஆனால் இடாப்பைக் கொடுத்தவர் யார், வெலிக்கடையில் கதவைத் திறந்தவர் யார் என்ற கேள்விகளுக்கு ஒரு நீதிமன்றத்தின் பதில் இன்றுவரை இல்லை. வெள்ளவத்தையில் எரிந்த வீடுகள் இருந்த இடத்தில் இன்று மாடிக்குடியிருப்புகள் நிற்கின்றன. அவற்றில் வாழும் பிள்ளைகள் அடுத்த யூலையிலும் அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். யாருடைய கோபம், எந்தத் தீங்கின்மேல் என்று அவர்கள் கேட்டுப் பழகவேண்டும்.